சிங்கப்பூர் போகிறீர்களா? பெட்டியில் கசகசா வேண்டாம்!

விடுமுறைக்குச் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகிறீர்கள். வீட்டில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாக நடக்கிறது. கடைசி நேரத்தில் பாட்டி ஒரு சிறிய டப்பாவை நீட்டுகிறார். “அங்கே கிடைக்குமோ என்னவோ, குருமாவுக்குப் போட்டுக்கச் சொல்லு.” திறந்து பார்த்தால் கசகசா.

அந்த டப்பாவை அப்படியே பாட்டியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் சமையலறையில் சாதாரணமாகப் புழங்கும் கசகசா, சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். அங்குள்ள மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதை அப்படித்தான் வகைப்படுத்தி வைத்திருக்கிறது.

காரணம், கசகசா எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பதுதான். அபின் கிடைக்கும் அதே செடியின் விதைதான் கசகசா. அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். மார்ஃபின் என்ற வலிநீக்கி வேதிப்பொருள் அந்தப் பாலில்தான் இருக்கிறது. விதைக்குள் அது ஏறக்குறைய இல்லை. ஆனால் காயை உடைத்து விதையை எடுக்கும்போது பாலின் எச்சம் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். குருமாவில் போட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. என்றாலும் இன்றைய ஆய்வுக் கருவிகள் மிகச் சிறிய அளவைக்கூடக் கண்டுபிடித்துவிடும். போதைப்பொருள் விஷயத்தில் உலகிலேயே மிகக் கடுமையான சட்டங்களைக் கொண்ட நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. ‘பாட்டி கொடுத்தார்’ என்ற விளக்கத்தை விமான நிலையத்தில் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். கடையில் வாங்கிய மசாலாப் பொடி என்றால், உறையில் உள்ள பொருட்களின் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள். குருமா கெட்டியாக வேண்டும், அவ்வளவுதானே? முந்திரியை அரைத்து ஊற்றினாலும் கெட்டியாகும்.

இருமல் மருந்திலும் இதே கவனம் வேண்டும். சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும். உடலுக்குள் போனபின் அதன் ஒரு பகுதி மார்ஃபினாக மாறும். கோடீன் உள்ள மருந்து, தூக்க மாத்திரை, கடுமையான வலிநிவாரணி ஆகியவற்றைக் கொண்டுபோக சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருக்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துபவர் என்றால் அதைக் கைப்பையில் வையுங்கள், மருத்துவரின் சீட்டும் கூடவே இருக்கட்டும். சூயிங்கம் 1992 முதல் தடை. மின்சிகரெட்டும் தடை. விசா வேண்டும். அதோடு, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல.

கடிகாரம் சொல்லும் பொய்

சென்னையிலிருந்து சுமார் 2,900 கி.மீ. பறந்து, நான்கு மணி நேரத்தில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கண் விழித்தால் வெளியே இன்னும் இருட்டாக இருக்கும். சீருடை அணிந்த பிள்ளைகள் அந்த இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும், மாலை ஏழு மணியை ஒட்டித்தான் மறையும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அதாவது ஒரு மணிக்கு 15 பாகை. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. 82.5-ஐ 15-ஆல் வகுத்தால் 5.5, அதாவது கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூர் இருப்பது 103.8 பாகையில். அதை 15-ஆல் வகுத்தால் 6.92 வரும். அதாவது 6 மணி 55 நிமிடம். ஆனால் சிங்கப்பூர் கடிகாரம் காட்டுவதோ 8 மணி நேர வித்தியாசம். சூரியனின் கணக்கைவிட கடிகாரம் ஏறக்குறைய 65 நிமிடம் முந்தி ஓடுகிறது!

இது இயற்கை செய்த வேலை அல்ல. 1981 டிசம்பர் 31 வரை சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் ஏழரை மணி நேர வித்தியாசத்தில் இருந்தன. மலேசியாவின் கிழக்குப் பகுதியான சபா, சரவாக் மாநிலங்கள் எட்டு மணி நேரத்தில் இருந்தன. நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்கட்டும் என்று மலேசியா மாற்றியது. வணிகமும் போக்குவரத்தும் சிக்கலாகாமல் இருக்கச் சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. அன்றிரவு 11.30 மணிக்கே கடிகாரங்களை 12 மணிக்குத் திருப்பினார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தாண்டு அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிட்டது.

சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இதனால் என்ன? நிறைய இருக்கிறது. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஒரு மணிக்கு. “பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி வெயில் தாழும்” என்று நினைத்து வெளியே கிளம்பினால், மிகக் கடுமையான வெயிலில்தான் நடப்பீர்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 137 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மேகமில்லாத நாட்களில் புற ஊதாக் குறியீடு பலமுறை 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் வேறு படியே இல்லை. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை கூரைக்குக் கீழே இருக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

‘நிழலில்லா நாள்’ பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி வரும். சிங்கப்பூரில் மார்ச் 23, செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டி வரும். அந்த நாட்களில் அங்கே இருந்தால் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

பேனா முனையை எடுக்காதீர்கள்

அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். நம் சார்ஜர் எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்யும். பிளக்கின் வடிவம் மட்டும் வேறு. தட்டையான, செவ்வக வடிவ மூன்று முள் பிளக். நம் உருண்டை முள் பிளக்கும் பிரிட்டிஷ்காரர்கள் கொடுத்ததுதான். ஆனால் அவர்கள் 1947-இல் புது வடிவத்துக்கு மாறிக்கொண்டார்கள். நாம் பழையதையே வைத்துக்கொண்டோம், சிங்கப்பூர் புதியதை எடுத்துக்கொண்டது.

அந்தப் புது வடிவத்தில் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. மேலே உள்ள தரை முள் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய், மற்ற இரு துளைகளையும் மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கும். பிறகுதான் மின்சாரம் உள்ள பகுதியை முட்கள் தொடும். குழந்தை விரலையோ கம்பியையோ விட்டால் தடுப்பு திறக்காது. சிலர் மேல் துளையில் பேனா முனையைச் செருகித் தடுப்பைத் திறந்துவிட்டு, நம்மூர் பிளக்கை அழுத்தி மாட்டுவார்கள். குழந்தைகளைக் காக்கும் ஏற்பாட்டை ஏமாற்றும் வேலை அது. இணைப்பும் தளர்வாக இருந்து சூடேறும். ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேக்காவில் ஒரு நாள்

சிங்கப்பூர்த் தமிழர்கள் லிட்டில் இந்தியாவைத் ‘தேக்கா’ என்றும் சொல்வார்கள். அவர்கள் தமிழில் இன்னும் சில சொற்கள் உங்களுக்குத் தேவைப்படும். டாலரை ‘வெள்ளி’ என்பார்கள். கடைக்காரர் “மூணு வெள்ளி” என்றால் நகைக்கடை ஞாபகம் வர வேண்டாம்.

அங்கே போக வடகிழக்கு ரயில் பாதை வசதி. 2003 ஜூன் 20 அன்று திறக்கப்பட்ட இந்தப் பாதை முழுக்க நிலத்துக்கு அடியில் ஓடுகிறது, ஓட்டுநர் இல்லாமல். முதல் பெட்டியின் முன்பக்கம் நின்று பாருங்கள், ஓட்டுநர் அறையே இருக்காது. நிலையப் பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கும். ஏறும்போது அட்டையைத் தட்டுவதுபோல இறங்கும்போதும் தட்ட வேண்டும். பேருந்திலும் அப்படித்தான். கட்டணம் தூரத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், இறங்கும்போது தட்ட மறந்தால் நீங்கள் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். டுரியான் பழத்தைக் கையில் வைத்திருக்கவே கூடாது. அதற்கென்று தனி அறிவிப்பே உண்டு. டுரியானின் வாடைக்குக் காரணம் கந்தகம் கலந்த சேர்மங்கள். பூண்டு, வெங்காயம், பெருங்காயம் எல்லாவற்றின் நெடியும் கந்தகக் குடும்பம்தான். டுரியானில் உள்ள எத்தேன்தயால் என்ற சேர்மத்தை நீங்கள் ஏற்கெனவே முகர்ந்திருக்கிறீர்கள். சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று சிலிண்டரில் சேர்ப்பது அதைத்தான்! மிக மிகச் சிறிய அளவைக்கூட நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். குளிரூட்டப்பட்ட பெட்டியில் காற்று திரும்பத் திரும்பச் சுற்றுவதால், ஒரு பழம் போதும், வாடை ஊரெல்லாம் பயணம் செய்யும். 2017-இல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் டுரியானின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் கூடுதல் பிரதிகளாக இருப்பதைக் கண்டார்கள். சுவை எப்படி என்று கேட்கிறீர்களா? எனக்குப் பிடிக்கும். வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

சிராங்கூன் சாலையில் நடக்கும்போது கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ந்து வருவதைக் கவனியுங்கள். ‘ஐந்தடிப் பாதை’ என்று அதற்குப் பெயர். 1822-இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோதே இது கட்டாயமாக்கப்பட்டது. வெயிலிலும் மழையிலும் குடை இல்லாமல் நடக்கலாம். அருகிலேயே ‘எருமைச் சாலை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தெரு, மலாயில் ஒரு தெரு. ஒரு காலத்தில் அந்த வட்டாரமே மாட்டுத் தொழுவமாக இருந்தது.

அதற்கு முன்னால்? பழைய தமிழர்கள் இந்த இடத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றார்கள். ‘கம்போங்’ என்றால் மலாயில் கிராமம். இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அந்தப் பெயர் வழங்கியது.

சுண்ணாம்பின் வேதியியலைப் பத்தாம் வகுப்பில் படிப்பீர்கள். சிப்பியும் பவளமும் கால்சியம் கார்பனேட். காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதைச் சுவரில் பூசினால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். சிப்பியாக இருந்தது சுவராகி, மறுபடி சிப்பியின் பொருளாகவே ஆகிவிடுகிறது.

இந்தக் கதையின் அடுத்த பகுதியைப் பார்க்க, லிட்டில் இந்தியாவில் ரயிலேறி அடுத்த நிலையமான தோபி காட்டில் மாறுங்கள். அங்கிருந்து அடுத்த நிலையம் சிட்டி ஹால். வெளியே வந்தால் வெள்ளை வெளேரென்று புனித ஆண்ட்ரூ தேவாலயம். 1856 முதல் 1861 வரை இதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அவர்கள் பூசிய பூச்சுக்கு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று பெயர். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து அடித்து, பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரையும், வெள்ளைக்கருவின் புரதம் பசைபோலப் பிடிக்கும். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தச் சுவர்களைக் கட்டிய கொத்தனார்களின் பெயர் குடும்பங்களில் நினைவிருக்கலாம். இந்தக் கைதிகளின் பெயரை நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

32 பாகையே இவ்வளவு வேர்க்கிறதே!

திருச்சி, வேலூர்ப் பிள்ளைகள் 40 பாகை செல்சியஸைப் பார்த்தவர்கள். சிங்கப்பூரில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 பாகைதான். அங்கே இதுவரை பதிவான உச்சமே 37 பாகை. என்றாலும் அரை மணி நடந்தால் சட்டை உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான் இது நடக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர, ஆவியாகாது. வழியும் வியர்வை குளிர்ச்சி தராது, நீர்தான் வீணாகும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே குளிரூட்டிய இடத்துக்குப் போய் உட்காருங்கள். கடைத்தொகுதிகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் இதுவும் ஒன்று. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், எனவே 30 நொடி என்றால் சுமார் 10 கி.மீ. அதற்குள் இடி கேட்டால் மைதானம், மரத்தடி, நீச்சல் குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். சில நாட்களில் விடியற்காலையிலேயே சுமத்ரா தீவிலிருந்து புயல்போலப் பலத்த காற்றும் மழையும் வரும். ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும், அன்றைய திட்டத்தை ரத்துசெய்ய வேண்டாம்.

தேக்கா கால்வாயிலிருந்து குழாய் வரை

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள். குழாய் நீரையே குடிக்கலாம். காலி பாட்டில் ஒன்றை எடுத்துப் போனால் விமான நிலையத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரிய ஆறோ ஏரியோ இல்லாத தீவு அது. ஒரு பகுதி மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாயில் வருகிறது. 1962-இல் போட்ட அந்த ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதனால்தான் சிங்கப்பூர் மற்ற மூன்று வழிகளிலும் இவ்வளவு முனைப்புக் காட்டுகிறது. 2003 முதல் கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டமாகச் சுத்திகரித்துப் ‘புதுநீர்’ தயாரிக்கிறார்கள். 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். நான்காவது வழி மழை.

தேக்கா சந்தைக்கு அருகே சிமென்ட் கரையிட்ட ஒரு கால்வாய் ஓடும். ரோச்சோர் கால்வாய். பார்த்தால் நம்மூர் வடிகால் என்று தோன்றும். இந்த நீர் காலாங் படுகை வழியாக மரீனா நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கே கடலின் வாயில் 350 மீட்டர் அகலத்துக்கு அணை கட்டி, 2008-இல் திறந்தார்கள். உப்பு நீரை மழை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ள, நகரின் நடுவே ஒரு நன்னீர் ஏரி உருவானது. நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்கிறது. கனமழையின்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் ஒன்பது எஃகுக் கதவுகளைத் திறந்து வெள்ளத்தை வெளியேற்றுவார்கள். கடல் உயர்ந்திருந்தால் ஏழு ராட்சதப் பம்புகள் அந்த வேலையைச் செய்யும். சிராங்கூன் சாலையில் நீங்கள் கீழே போடும் பிளாஸ்டிக் உறை எங்கே போகும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். காலாங் கரையில் நீர்நாய்க் குடும்பங்களையும் பார்க்கலாம். நம் காவிரியில் வாழும் அதே இனம். தூரத்தில் நின்று மட்டும் பாருங்கள், குட்டிகள் இருந்தால் பெரியவை சீறும்.

வெயில் நேரத்துக்குக் கரையோரப் பூந்தோட்டங்கள் ஏற்ற இடம். இரண்டு கண்ணாடிக் கூடங்களுக்கும் கட்டணம் உண்டு, வெளியே இலவசம். நிலநடுக்கோட்டு வெயிலில் கண்ணாடி வீட்டைக் குளிர்விப்பது எப்படி? கத்தரித்த மரக்கிளைகளை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருளை மீண்டும் உலர்த்த மிச்ச வெப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். செயற்கைப் பெருமரங்களில் சில, உண்மையில் அந்த ஏற்பாட்டின் புகைபோக்கிகள்.

கடிக்காத கொசுக்களின் படை

இவ்வளவு சுத்தமான ஊரில் கொசு இருக்குமா? 2020-இல் அங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தெளிந்த நீர் போதும். அது கடிப்பதும் பகலில்தான்.

தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 முதல் ஒரு வேடிக்கையான வழியைக் கையாள்கிறது. கொசுவை ஒழிக்கக் கொசுவையே பறக்கவிடுகிறார்கள்! வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்கள் அவை. ஆண் கொசு கடிக்காது, செடிச் சாற்றைக் குடித்து வாழும். பாக்டீரியா இல்லாத பெண் கொசுவோடு அது இணைந்தால் முட்டைகள் பொரிக்காது. திரும்பத் திரும்ப விட்டால் அடுத்த தலைமுறை குறைந்துகொண்டே வரும். நம் புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி ஆய்வு மையமும் வோல்பாக்கியா கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. அங்கே திட்டம் வேறு. பெண் கொசுவுக்குள் இந்தப் பாக்டீரியா இருந்தால் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடியாது. எனவே கொசு இருக்கட்டும், நோயைப் பரப்பாத கொசுவாக இருக்கட்டும் என்பது அவர்கள் யோசனை.

தங்கும் வட்டாரத்தில் மஞ்சள் அல்லது சிவப்பு நிற டெங்கு அறிவிப்புப் பதாகை தொங்குகிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் அந்தப் பகுதியில் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வந்திருக்கிறது. முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு இரண்டையும் பகலிலும் பயன்படுத்துங்கள். கொசு கடித்து நான்கு முதல் பத்து நாட்கள் கழித்தே காய்ச்சல் வரும் என்பதால், ஊர் திரும்பிய பிறகும் அது வரலாம். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே “சிங்கப்பூர் போய் வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். அவரைப் பார்க்கும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும்.